இடிமகளுக்கு வலிக்குமா

1

என் அன்பு மகளுக்கு,

உன் அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் இருக்கிறோம், சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை நீயாகச் சொன்னால்தான் உண்டு.

தினமும் போனில் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். படப்பிடிப்பில் காலையிலேயே உங்கள் போனையெல்லாம் பையில் போட்டு சீல் வைத்துவிடுகிறார்கள். சாயங்காலம் நீ கூப்பிடும்போது கட்டெறும்பு என் மடியில் ஏறி உட்கார்ந்து, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள். உன் மகள் காதில் விழாமல் உன்னிடம் நாலு வார்த்தை சொல்ல எனக்கு வேறு வழியில்லை. கடையில் மத்தியானச் சாப்பாடு முடிந்து மிஷினை மறுபடி ஓட்ட அரைமணி இருக்கிறது. மடித்து வைத்த லாரிப் படுதா மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற கை இது. எழுத்து முன்னே பின்னே இருந்தால் கண்டுகொள்ளாதே.

முதலில் நல்ல செய்தி. உங்கள் மூன்றாவது இடிமகள் படத்தின் முன்னோட்டம் வந்துவிட்டது. தெருமுனை போன் கடையில் பெரிய டிவியில் நாள் முழுக்க அதையே போடுகிறான். இடிமகள் மணிக்கூண்டிலிருந்து தலைகீழாகப் பாய்கிறாளே, அதை நான் நின்று ஏழு தரம் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர்கள் அந்த நடிகையின் பெயரைச் சொல்லிச் சொல்லி மெய்மறந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்தப் பாய்ச்சலில் இடது கால் ஒரு நொடி முன்னாடி மடங்குகிறது பார், அது யார் கால் என்று எனக்குத் தெரியாதா? நாலு வயதில் அலமாரி மேலிருந்து என் தலையணைமேல் குதித்த கால். முகம் அவளுடையதாக இருக்கட்டும். உடம்பு நான் பெற்றது.

இங்கே எங்கே திரும்பினாலும் இடிமகள்தான். பை, பென்சில் பெட்டி, தண்ணீர் பாட்டில், செருப்பு. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தால் இரண்டு மணிக்கட்டையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே வைத்துக்கொள்கிறார்கள், அதுதான் இப்போது வணக்கம். இஸ்திரி போடுகிறவர்கூட போன வாரம் துணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு எனக்கு அப்படிச் செய்தார். வயசுக்குத் தகுந்த மாதிரி இருங்கள் என்றேன். எங்கள் முதலாளி வேறு, லாரிப் படுதாவில் இடிமகள் முத்திரையை அச்சடித்தால் விற்குமா என்று என்னைக் கேட்கிறார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. மிஷினில் உட்கார்ந்து படுதா தைக்கிறவள்தான் இடிமகளின் தாய் என்று தெரிந்தால் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்.

கட்டெறும்புக்கு வாராவாரம் அந்தப் படக்கதைப் புத்தகம் வாங்கித் தர வேண்டும். நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். அதில் எழுத்து குறைவு, எனக்குத் தோது. இப்போது நான் வேகமாகவே வாசிக்கிறேன் என்று உன் மகளே சான்றிதழ் கொடுத்துவிட்டாள்.

இனி நீ கோபப்படப்போகிற விஷயம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், டூப் போடுவது நீ என்று வெளியே சொல்லக்கூடாது, தெரியும். நான் வெளியே சொல்லவில்லை. உன் மகளிடம்தான் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் எல்லோருடைய அம்மாவும் வாசலுக்கு வருகிறார்கள், உன் அம்மா எங்கே என்று ஒருத்தி கேட்டுவிட்டாளாம். வந்ததிலிருந்து சோற்றைத் தொடவில்லை. அப்போது என் வாய் நிற்கவில்லை. மணிக்கூண்டிலிருந்து பறப்பது அந்த நடிகை இல்லை, உங்க அம்மா என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் போன போக்கை நீ பார்த்திருந்தால் என்னைத் திட்ட மாட்டாய். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். அன்றைக்கு இரண்டு தட்டுச் சாப்பிட்டாள்.

அதோடு, இடிமகள் முதுகில் தொங்குமே அந்தத் துணி, கேப் என்கிறார்கள், அது வேண்டும் என்றாள். கடையில் நீலப் படுதாவில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. தைத்துக் கொடுத்தேன். உங்கள் படப்பிடிப்பில் கேப்பைத் தோளில் கிர்ரென்று பிரிகிற ஒட்டுப்பட்டையால் ஒட்டுவார்கள் என்று நீ சொன்னது நினைவு இருக்கிறது. ஒட்டுப்பட்டை ஒரு தையலா? கழுத்தில் பித்தளை வளையம் அடித்து, நைலான் கயிறு கோத்து, ஓரமெல்லாம் இரட்டைத் தையல் போட்டேன். புயலில் லாரிமேல் நிற்கிற தையல். பார்த்தவர்கள் எல்லாரும் யார் தைத்தது என்று கேட்கிறார்கள்.

ஒரே ஒரு விஷயம்தான் மனதில் உறுத்துகிறது. நாலு நாளாக உன் மகள் எதற்கும் அழுவதில்லை. கதவில் விரல் நசுங்கியது, ஒரு சத்தம் இல்லை. வளர்ந்துவிட்டாள் என்று பெருமைப்பட்டேன். எழுதும்போது ஏனோ பெருமையாக இல்லை.

நீ எதற்காக இப்போதெல்லாம் போனை இடது கையிலேயே பிடிக்கிறாய்? வலது கைக்கு வேறு வேலையா?

பதில் எழுது. பார்த்து இறங்கு, பார்த்து ஏறு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா

2

மகளே,

பதறாமல் படி. உன் மகள் நன்றாக இருக்கிறாள். இந்த வரியை முதலில் எழுதிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

நேற்றுக் காலை தலை வாரிவிட்டேன். சீப்பு சிக்கில் மாட்டி வெடுக்கென்று இழுத்துவிட்டது. எந்தப் பிள்ளையும் ஆ என்று கத்தும். இவள் கண்ணாடியைப் பார்த்தபடி கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அதற்குத்தான் எனக்கு முதலில் பயம் வந்தது. முன்கழுத்தில் பவுடர் அப்பியிருந்தது. மூன்று நாளாகவே கழுத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். புதுப் பழக்கம் என்று விட்டிருந்தேன். துண்டை நனைத்துத் துடைத்தேன். பவுடருக்குக் கீழே காதிலிருந்து காதுவரை ஒரு கோடு. கருஞ்சிவப்பாக, ஒரு விரல் அகலத்தில். அந்த அகலம் எனக்குத் தெரியும். நான் கோத்த நைலான் கயிற்றின் அகலம்.

என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். அடிக்கவில்லை, மிரட்டவில்லை. எத்தனை விதமாகக் கேட்டாலும் ஒன்றுமில்லைதான். கடைசியில் அவள் சிநேகிதி, அந்த ரெட்டை ஜடைக்காரியைப் பிடித்தேன். அவளும் வாயைத் திறக்கவில்லை, மணிக்கட்டைக் குறுக்கே வைத்துக் காட்டினாள். ரகசியக் காப்புப் பிரமாணமாம். பின்பக்கம் சுவர் எழுப்புகிற இடத்தில் கல் சுமக்கிற அம்மாதான் என்னைப் பார்த்ததும் தானாகவே வந்து சொன்னாள்.

நம் கட்டடத்தில் முதல் மாடிக்கு ஏறும்போது படி திரும்புகிற இடத்தில் கம்பி இல்லாத பெரிய திறப்பு இருக்கிறதே, அதற்கு நேர் கீழே கொத்தனார் மணல் கொட்டி வைத்திருக்கிறார். பிள்ளைகள் அங்கிருந்து மணலில் குதிக்கிறார்களாம். கட்டெறும்பு கேப்போடு குதித்திருக்கிறாள். சுவரில் தண்ணீர்க் குழாயைப் பிடித்திருக்கிற இரும்புக் கொக்கியில் கேப் மாட்டிக்கொண்டது. வேறு துணியாக இருந்தால் கிழிந்திருக்கும். ஒட்டுப்பட்டையாக இருந்தால் பிரிந்திருக்கும். என் தையல் பிரியவில்லை. உன் மகள் கழுத்தில் தொங்கியிருக்கிறாள்.

கல் சுமக்கிற அந்த அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிப்போய், மணல்மேல் ஏறி, இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். இன்னொருவர் வந்து கொக்கியிலிருந்து விடுவித்திருக்கிறார். ரெட்டை ஜடை பன்னிரண்டு வரை எண்ணினாளாம். அவள் எண்ணியது எதற்கு என்று கேட்டால், இடிமகள் மூச்சடக்கினால் நூறு வரை இருப்பாள், அதனால் எண்ணினேன் என்கிறாள். அந்தக் கல் சுமக்கிற அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது. அவள் பெயர்கூட இதுவரை கேட்டதில்லை.

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். கழுத்தை அமுக்கி வலிக்கிறதா என்றார். இல்லை. தோளை அமுக்கினார். இல்லை. இடது மணிக்கட்டை அமுக்கியபோதும் இல்லை என்றுதான் சொன்னாள், ஆனால் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் கண் மட்டும் அழுததை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பில் மயிரிழை மாதிரி விரிசல். ஒரு வாரம் ஆகியிருக்கும் என்றார். அது வேறொரு நாள் குதித்தது. அந்தக் கையோடுதான் ஒரு வாரமாகப் புத்தகப் பை தூக்கியிருக்கிறாள், அந்தக் கையால்தான் உன்னோடு பேசும்போது போனைப் பிடித்திருக்கிறாள்.

டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காயம் ஆறிவிடும், வலியை மறைக்கிற பழக்கம்தான் ஆபத்து, நாளைக்கு வயிற்றில் ஏதாவது என்றாலும் இப்படித்தான் நிற்பாள், அப்போது என்னால் கண்டுபிடிக்க முடியாது என்றார். இதை யாரிடம் கற்றுக்கொண்டாள் என்றும் கேட்டார். நான் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். ஏம்மா பாட்டிகிட்ட சொல்லலை? அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா ஒரு நாளாச்சும் வலிக்குதுன்னு சொன்னாங்களா, பாட்டி?"

அவள் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. கணக்கு வாத்தியார் மாதிரி விளக்குகிறாள். அம்மா மணிக்கூண்டிலிருந்து விழுந்தாள், கண்ணாடியை உடைத்துக்கொண்டு போனாள், தீக்குள்ளே நடந்தாள், சாயங்காலம் போனில் சிரித்தாள். அப்படியென்றால் அம்மாவுக்கு வலிக்காது. அம்மாவுக்கு வலிக்காவிட்டால் எனக்கும் வலிக்காது. கொஞ்சம் வலிக்கிறதே என்றால், பழகப் பழகப் போய்விடும். இதுதான் அவள் கண்டுபிடிப்பு. கயிறு இருக்கும்மா, உங்க அம்மாவை இடுப்பில் கயிறு கட்டித்தான் இறக்குவார்கள் என்றேன். படத்தில் கயிறு எங்கே என்று கேட்டாள். கம்ப்யூட்டரில் அழித்துவிடுவார்கள் என்றேன். நான் அவளைப் பயமுறுத்தக் கதை கட்டுகிறேன் என்று நினைக்கிறாள். கண்ணால் பார்த்ததை நம்புவாளா, பாட்டி சொல்வதை நம்புவாளா?

அந்தப் படக்கதையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு கட்டத்தில் இடிமகள்மேல் சுவர் விழுகிறது. அடுத்த கட்டத்தில் எழுந்து நிற்கிறாள். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். ஒரு வருஷமாக வாசிக்கிறேன், அந்தக் கோட்டுக்குள் என்ன நடந்தது என்று ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

கேப்பை எடுத்துக் கத்தரித்துவிட்டேன். இரட்டைத் தையல், கத்தரி இரண்டு தரம் வழுக்கியது. கேப் இல்லாவிட்டால் என்ன, உடம்புதானே முக்கியம் என்கிறாள்.

இப்போது பயமெல்லாம் வெள்ளிக்கிழமையைப் பற்றித்தான். அடுத்த வெள்ளி உங்கள் படம் வருகிறது. அன்றைக்குப் பார்த்துவிட்டு வந்து இரண்டாம் மாடித் திருப்பத்திலிருந்து குதிப்பதாகப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறாள். யாரோ ஒருத்தி நீ பொய் சொல்கிறாய் என்றாளாம். எதைப் பொய் என்றாள் என்று கேட்டேன், சொல்ல மறுக்கிறாள். உன்னைப் பற்றி வாயை விட்டிருக்கிறாள், அதை நிரூபிக்கக் குதிக்கிறாள் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த வாயை முதலில் விட்டவள் நான்.

மணல் வேறு தினமும் குறைகிறது. கொத்தனார் காலையும் மாலையும் வண்டி வண்டியாகத் தள்ளிக்கொண்டு போகிறார். போன வாரம் என் இடுப்பு உயரம் இருந்தது, இன்றைக்கு முழங்கால். வெள்ளிக்கிழமைக்குத் தரைதான் இருக்கும். மணலை அள்ளாதீர்கள் என்று அவரிடம் கேட்டேன், சுவரை நீங்கள் கட்டுவீர்களாம்மா என்றார். இரண்டு மாடித் திருப்பத்துக்கும் படுதா தைத்து, வளையம் அடித்து, கயிறு போட்டு இழுத்துக் கட்டிவிட்டேன். வாட்ச்மேனும் ஒரு கை பிடித்தார். கட்டெறும்பு நின்று பார்த்துவிட்டு, இந்த முடிச்சை எனக்கு அவிழ்க்கத் தெரியும் பாட்டி, நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க என்றாள். சொல்லிக்கொடுத்தது நான்தான்.

நான் வேலைக்குப் போகிறவள். எத்தனை திறப்பைத் தைத்து மூடுவேன்?

நான் சொல்வதை அவள் கேட்க மாட்டாள். நீ சொல். போனில் வந்து, எனக்கு வலிக்கும் என்று ஒரு வார்த்தை சொல். ஒப்பந்தம், கம்பெனி, எதுவாக இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சொல்.

என் தையலை எண்ணி எண்ணிப் பெருமைப்பட்ட
அம்மா

3

அம்மாவின் செல்லத்துக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. உன்னைக் கயிற்றில் கட்டி இறக்குகிற தம்பி இரண்டு நாள் விடுப்பில் வந்திருக்கிறார், நாளைக் காலை வண்டிக்குத் திரும்புகிறார். வியாழன் மத்தியானம் உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். அதனால் சுருக்கமாக எழுத நினைக்கிறேன். வழக்கம்போல நீளும்.

நேற்று நீ கூப்பிட்டாய். என் கடிதம் கிடைத்தது என்று உன் கண்ணிலேயே தெரிந்தது. கட்டெறும்பிடம் பேசினாய். குதிக்கக்கூடாது, அம்மா பயிற்சி எடுத்தவள், சின்னப் பிள்ளைகள் செய்யக்கூடாது என்றாய். எல்லாம் சரி. அவள் தலையை ஆட்டினாள். அப்புறம் அவள் கேட்டாளே, அம்மா, விழுந்தா உங்களுக்கு வலிக்குமா என்று. அவள் என் மடியில்தான் இருந்தாள். கேட்டுவிட்டு மூச்சை நிறுத்திக்கொண்டாள், என் கைக்குத் தெரிந்தது.

நீ சிரித்தாய். "இடிமகளுக்கு எப்படிடா கண்ணு வலிக்கும்" என்றாய்.

நீ எதற்குச் சொன்னாய் என்று எனக்குப் புரியாமல் இல்லை. பிள்ளை பயந்துவிடக் கூடாது, தூக்கம் கெட்டுவிடக் கூடாது. உன் இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நீ போனை வைத்ததும் உன் மகள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே. நான் சொன்னேன் இல்லையா, பாட்டி. அதுதான் அந்தப் பார்வை. அதற்கப்புறம் படிப்பக்கம் போய்ப் படுதா முடிச்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

மகளே, நான் அஞ்சாம் வகுப்புதான். ஆனாலும் கண் நன்றாகத் தெரிகிறது. நீ நாலு வாரமாக ஒரே சுவருக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிறாய். ஓட்டல் அறை என்கிறாய். நேற்று நீ சிரித்தபோது போன் கொஞ்சம் சாய்ந்தது. உன் தலைக்குப் பின்னால் இரும்புக் கம்பி தெரிந்தது, அதில் ஒரு அட்டை தொங்கியது. எந்த ஓட்டலில் கட்டில் தலைமாட்டில் அட்டை தொங்கவிடுகிறார்கள்? வெயில் கொளுத்துகிற ஊர் என்கிறாய், முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறாய். வலது கை ஒரு தரம்கூடப் படத்துக்குள் வரவில்லை. முகத்துக்கு அத்தனை பவுடர். உன் மகளுக்குப் பவுடர் பூச யார் கற்றுக்கொடுத்தது என்று இப்போது தெரிகிறது.

கயிறு இழுக்கிற தம்பியிடம் கேட்டேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஆறும்வரை குடிக்காமல் இருந்தார். அப்புறம், "நீங்க அவங்களையே கேளுங்கம்மா" என்றார். நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியவில்லை. மணிக்கூண்டு எடுத்தது எப்போது என்று மட்டும் கேட்டேன். கடைசியாக எடுத்த காட்சி அதுதான், நாலு வாரம் ஆச்சு என்றார். அதைத்தான் நான் போன் கடை வாசலில் நின்று ஏழு தரம் ரசித்தேன். இடது கால் முன்னாடி மடங்கியதை அழகு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது கயிறு நழுவியதில் மடங்கியதா? சொல்ல வேண்டாம். எழுதவும் வேண்டாம். நான் அப்புறம் கேட்டுக்கொள்கிறேன்.

உன்னைத் திட்டுவதற்கு எனக்கு வாய் இல்லை. அதை ஏன் என்று சொல்கிறேன்.

உனக்கு எட்டு வயது இருக்கும்போது கடை மிஷின் ஊசி என் ஆள்காட்டி விரலில் நகத்தோடு சேர்த்து இறங்கியது. அந்தக் கதையை உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன். சக்கரத்தைக் கையால் பின்னால் சுற்றி ஊசியை எடுத்தேன், துணியைச் சுற்றிக்கொண்டேன், மிச்சத் தையலை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன், முதலாளி மிரண்டுபோனார் என்று. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். நீ உன் சிநேகிதிகளைக் கூட்டிவந்து என் விரலைக் காட்டச் சொல்வாய். எங்க அம்மாவுக்கு வலிக்கவே வலிக்காது என்பாய். நானும் வாயெல்லாம் பல்லாக நின்றேன். அதே கதையை உன் மகளுக்கும் போன வருஷம் சொல்லி முடித்தாயிற்று.

இன்றைக்குச் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு அந்த விரலை அவள் கையில் கொடுத்தேன். பாட்டி ஒன்று மறைத்துவிட்டேன் என்றேன். தையலை முடித்துவிட்டு எழுந்தது உண்மை. எழுந்து பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன். அழுதேன். உன் அம்மாவைக் கூப்பிட்டு அழுதிருக்கலாம், அவள் பக்கத்திலேதான் இருந்தாள், ஆனால் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து சிரித்தேன். ஆறு மாதம் அந்த விரலால் உப்பைத் தொட முடியவில்லை என்றேன். மகளே, இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

கட்டெறும்பு விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளைந்து போன நகத்தைத் தடவினாள். ரொம்ப வலிச்சுதா என்றாள். ரொம்ப என்றேன். எவ்வளவு என்றாள். மறுபடி அந்த மிஷினில் உட்கார எட்டு நாள் பயந்தேன், அவ்வளவு என்றேன். நான் அதைச் சொன்னதும் அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். உதடு கோணிக்கொண்டு போயிற்று. இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்த அழுகையெல்லாம் வந்தது. மேல் மாடி டீச்சர் என்னவோ ஏதோ என்று கரண்டியும் கையுமாக இறங்கி வந்துவிட்டாள். பிள்ளை அழுகிறாள், அவ்வளவுதான், நல்ல விஷயம், நீங்கள் போய்ச் சமையுங்கள் என்று அனுப்பினேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

கழுத்து வலிக்குது பாட்டி என்றாள். முழுங்கும்போது வலிக்குது என்றாள். கொக்கியில் தொங்கினப்ப உங்களைக் கூப்பிட்டேன், சத்தம் வரலை என்றாள். இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் அவள் தூங்குவதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, அவள் கேட்டதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

"அப்போ அம்மாவுக்கு?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் அதை நான் சொல்லக்கூடாது. நான் சொன்னால் அது பாட்டியின் விரல் கதை மாதிரி இன்னொரு கதையாகிவிடும். அம்மாவையே கேட்போம், வியாழக்கிழமை சாயங்காலம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை குதிப்பதைப் பற்றி ஒன்றும் முடிவு செய்யக்கூடாது என்று அவளிடம் வாக்குக் கேட்டேன். வியாழன்வரை என்றாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர மாட்டேன் என்கிறாள். உன் பிடிவாதம். மணல் இன்றோடு முடிந்துவிட்டது. கொத்தனார் தரையைப் பெருக்கிவிட்டுப் போனார்.

ஆகவே வியாழக்கிழமை சாயங்காலம், வழக்கமான நேரத்துக்கு, நாங்கள் இரண்டு பேரும் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம். நீ பவுடர் பூசாமல் வா. அந்தச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு வா. வலது கையை, எப்படி இருக்கிறதோ அப்படியே, படத்துக்குள் கொண்டுவா. இடுப்பில் பெல்ட் இறுக்கிய தழும்பைக் காட்டு. பின்னால் தொங்குகிற அட்டையையும் காட்டு, எழுத்துக் கூட்டி நான் வாசிக்கிறேன். அவள் பயப்படுவாள், அழுவாள். நான் பக்கத்தில் இருக்கிறேன், பிடித்துக்கொள்கிறேன். கம்பெனிக்குத் தெரிந்து வேலை போனால் போகட்டும். எங்கள் கடையில் வளையம் அடிக்க ஆள் தேடுகிறார்கள், ஒரு கை போதும் அந்த வேலைக்கு.

அவள் கேட்பாள். அப்போது சிரிக்காதே. எங்கே வலிக்கிறதோ அந்த இடத்தைத் தொட்டுச் சொல்.

அவளுக்குச் சொல்லும்போது நானும் கேட்டுக்கொண்டிருப்பேன். உனக்கு எட்டு வயதில் நான் கற்றுக்கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். என்னிடமும் சொல்லலாம், கண்ணு. உன் அம்மாவுக்கும் வலிக்கும்.

நெற்றியில் என் கை இருப்பதாக நினைத்துக்கொண்டு தூங்கு. எலும்பு கூடட்டும், வலி இறங்கட்டும், நீ நடந்து இந்த வாசலுக்கு வர வேண்டும். படி ஏறித்தான் வர வேண்டும். பறந்து வர வேண்டாம்.

போனைத் துடைத்து வைத்துக் காத்திருக்கும்
உன் அம்மா